சம்மணம் போட மூன்று மாதம்

என் முழங்கால்கள் மடங்க மறுக்கத் தொடங்கியது எந்த வருடம் என்று எனக்குத் தெரியாது. அவற்றிடம் நான் அதிகம் எதையும் கேட்டதில்லை. கதிரையில் உட்கார்ந்து பாடம் நடத்தி, கதிரையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தி, மேடைக் கதிரையில் உட்கார்ந்து உழைக்கும் மக்களின் உயர்வைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கி, அப்படியே ஐம்பத்து மூன்று வயதுக்கு வந்து சேர்ந்திருந்தேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

கிரியைகளை விளக்குவதற்காக ஐயர் கொட்டகலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

"தாரை வார்க்கிறப்ப பொண்ணோட அப்பா மணையில சம்மணம் போட்டு உக்காரணும். பக்கத்துல அம்மா. அவங்க செம்புலேருந்து தண்ணி ஊத்த, நீங்க பொண்ணு கைய மாப்பிள்ள கையில புடிச்சுக் குடுக்கணும். எல்லாமா ஒரு மணித்தியாலம் ஆகும்."

"சாமி, கதிரையில உக்காந்தா ஆகாதா?"

"மாப்பிள்ள கீழ இருப்பாரு, நீங்க மேல இருப்பீங்க. ஊத்துற தண்ணி அவரு மடியிலதான் விழும்" என்றார் ஐயர். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரக்கத்துடன் சொன்னார்: "முடியலன்னா ஒண்ணும் குத்தமில்லீங்க. தாய்மாமனும் மாமியும் உக்காந்து செய்யலாம்."

அந்தத் தாய்மாமன், அதாவது என் மச்சினன், அப்போது எங்கள் முன்னறையில்தான் இருந்தான். ஹட்டனில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறான். இரண்டு கதிரைகள் காலியாக இருந்தும், தரையில் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். இருபத்தைந்து வருடங்களாக அவன் என் வீட்டில் அப்படித்தான் உட்காருகிறான். எளிமை என்று நினைத்திருந்தேன். எனக்குக் காட்டுவதற்காகச் செய்கிறான் என்பது அன்றுதான் புரிந்தது.

"நான் உக்காந்துக்கிறேன் மச்சான். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றான். வாயில் முறுக்கு இருந்தும் பதில் வந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஐயர் போனார். தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போன என் மனைவி, திரும்பி வந்து கதவடியில் நின்றாள்.

"எந்தம்பி உக்காந்தா, செம்ப அவன் பொஞ்சாதி புடிப்பா. தெரியுமில்ல?"

"தெரியும்."

"பத்து மாசம் சொமந்தது நானு. உங்க முழங்காலு மடங்கலங்கிறதுக்காக நான் பந்தியில நின்னு சட்னி ஊத்தணுமா?"

மூன்று மாதம் இருந்தது.

யோகத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பதினொரு புத்தகங்கள் வாசித்திருக்கிறேன். எட்டு அங்கங்களையும் வரிசை மாறாமல் சொல்வேன். ஒரு முறை பாடசாலையின் காலைக் கூட்டத்தில் யோகமும் உடல் உள நலமும் என்று நாற்பது நிமிடம் பேசியிருக்கிறேன். முதுகெலும்பு வளையும், இரத்த அழுத்தம் தணியும், மூச்சு சீராகும், கோபம் குறையும், நல்ல தூக்கம் வரும். கடைசியில் சொன்னது அங்கேயே நிரூபணமாயிற்று. பிள்ளைகளில் பாதிப்பேர் நின்றபடியே தூங்கிவிட்டார்கள். பதினொரு புத்தகங்களில் ஒன்றைக்கூட நான் குனிந்து எடுத்ததில்லை. எல்லாமே மேல்தட்டில்தான் இருந்தன.

முதலில் கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துத் தொடங்கினேன். கடற்கரை, இளவெயில், எலும்பே இல்லாதது போன்ற ஒரு வெள்ளைக்காரர். இங்கே எங்கள் முன்னறையில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தது. கம்பளி மேற்சட்டையோடும் காலுறையோடும் தரையில் இறங்கினேன். இடது கால் எப்படியோ மடங்கிவிட்டது. வலது கால் மடங்கவில்லை. மடங்கிய கால் திரும்பி வரவும் இல்லை. கைப்பேசி எட்டாத தூரத்தில் இருந்ததால், வெள்ளைக்காரர் அடுத்த ஆசனத்துக்கும் அதற்கடுத்த ஆசனத்துக்கும் என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். சத்தம் கேட்டு மனைவி வந்து பார்த்தாள்.

"ஒத்தக் காலு மடங்கிருச்சே. பாதித் தாரை வார்த்துறலாம்" என்றாள்.

அந்த வாரம்தான் என் கொழுந்தியா வந்தாள். என் மனைவியின் தங்கை. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் எல்லாரையும் கேலி செய்யும் உரிமையைத் தானாகவே எடுத்துக்கொண்டவள்.

"மச்சான், எங்க தோட்டத்துல யோகா சொல்லிக் குடுக்கிறாங்க. புதனும் சனியும். புள்ள மடுவத்துல."

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான். கொழுந்தெடுக்கிறவங்களுக்கு ஒடம்பு அசையிறதே இல்லையாம்."

பிள்ளை மடுவம் என்பது, தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். மாலையில் குழந்தைகள் போன பிறகு, ஏதோ ஒரு நலவாழ்வுத் திட்டத்தின் கீழ் அங்கே வகுப்பு நடந்தது. முதல் நாள் நான் போனபோது பதினான்கு பெண்கள் பாய் விரித்து நின்றார்கள். சுவரில் அணில், ஆடு, இலை என்று படங்கள். கூரையிலிருந்து தொட்டில் கட்டும் கயிறுகள் தொங்கின. அவற்றுக்கு நடுவே புதிதாக ஒரு சுவரொட்டி: 'மன அழுத்தத்தைக் களைவோம், மகிழ்ச்சியாக வாழ்வோம்.' அதிலும் கடற்கரைதான். மன அழுத்தம் கடற்கரையில்தான் தீரும் போலும். எங்களிடமிருந்து கடல் மிகவும் தூரம்.

சொல்லிக்கொடுப்பவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு இளம்பெண். எல்லாரும் மிஸ் என்றார்கள். நல்ல பெண். சொன்னதையெல்லாம் உண்மையாக நம்பினார். வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி, படம் பிடித்து, பிறகு பேசினார்.

"நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்வதால் நம் தசைகள் இறுகிப்போகின்றன. நாம் குனிவதில்லை, நிமிர்வதில்லை, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்துவதில்லை."

பதினான்கு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலை ஏழரையிலிருந்து குனிந்து, நிமிர்ந்து, கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் முதுகுக் கூடையில் கொழுந்தைப் போட்டுவிட்டு வந்திருந்தவர்கள். மிஸ் சொன்ன 'நாம்' யார் என்று அந்த மடுவத்தில் எனக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ஒற்றைக் காலில் மரம் போல் நிற்கச் சொன்னார். நின்றார்கள். நாள் முழுக்கச் சரிவில் ஒரு காலை மேலேயும் மறுகாலைக் கீழேயும் வைத்து நிற்பவர்களுக்கு, சமதரையில் ஒற்றைக் கால் ஓய்வு மாதிரி இருந்திருக்கும். ஒருத்தி அப்படி நின்றபடியே மறுகாலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். மிஸ்தான் அட்டையைப் பார்த்ததும் குழந்தைகளின் குட்டிக் கதிரை ஒன்றின் மேல் ஏறிவிட்டார். நான் அணில் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தது, இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, தலைக்கு மேல் உயர்த்தி, மெதுவாகப் பின்னால் கொண்டுபோக வேண்டும். மிஸ் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. பதினான்கு பேரின் கைகளும் முன்னே நீண்டன, விரல்கள் தானாக எதையோ கிள்ளின, கைகள் தோளுக்கு மேல் போய் விரிந்தன. இல்லாத கூடையில் இல்லாத கொழுந்து விழுந்தது.

"வீசக் கூடாது, உயர்த்த வேண்டும்" என்றார் மிஸ்.

"வீசுனாத்தான மிஸ் கூட நெறையும்" என்றாள் கொழுந்தியா. கூரையில் தொட்டில் கயிறுகள் ஆடுமளவுக்குச் சிரித்தார்கள். மிஸ்ஸும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். அன்றிலிருந்துதான் அது வகுப்பாயிற்று என்று நினைக்கிறேன்.

கடைசியாகச் சவாசனம். மல்லாந்து படுத்து, உடம்பைத் தளர்த்தி, மூச்சைக் கவனிப்பது. பத்து நிமிடம். மிஸ் மென்மையான குரலில், உங்கள் பாதங்கள் தளர்கின்றன, முழங்கால்கள் தளர்கின்றன என்று தொடங்கினார். அவர் இடுப்புக்கு வருவதற்குள் பதினான்கு பேரும் தூங்கிப்போனார்கள். பாவனையில்லாத தூக்கம், குறட்டையோடு, வாய் திறந்து. பகலில் தங்கள் பிள்ளைகள் தூங்கும் அதே தரையில், அதே தொட்டில் கயிறுகளுக்குக் கீழே. விழித்திருந்தது மிஸ்ஸும் நானும் மட்டும்தான். மூச்சைக் கவனிப்பது பற்றி நான் வாசித்தது அதிகம்; அதனால் தூங்க முடியவில்லை.

மிஸ் ஒரு சின்னப் பித்தளை மணியை அடித்தார். யாரும் அசையவில்லை. மறுபடி அடித்தார். கொழுந்தியா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"மிஸ், மணிக்கெல்லாம் எந்திரிக்க மாட்டோம். பெரட்டுன்னு சொல்லிப் பாருங்க."

பெரட்டு என்றால், காலையில் ஆட்களைக் கூட்டி, எண்ணி, யார் எந்த மலைக்கு என்று வேலை பிரிக்கும் கூட்டம். மிஸ்ஸுக்கு அது தெரியாது. சமஸ்கிருதச் சொல்லைச் சொல்வது போல, கண்களை மூடி, மென்மையாகச் சொன்னார்: "பெரட்டு..."

மூன்று நொடிகூட ஆகவில்லை. மொத்த மடுவமும் எழுந்து நின்றது. அரைத் தூக்கத்தில் பதினான்கு பேரின் கைகளும், மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் தேடின. நான் மட்டும் படுத்தே இருந்தேன். நான் பிறந்ததும் லயத்தில்தான். ஆனால் படித்து வெளியேறி முப்பது வருடம் ஆகிறது. அந்தச் சொல் இனி எனக்கில்லை. அதைக் கொஞ்சம் பெருமையாகவே நினைத்துக்கொண்டேன். உண்மையில், எழுந்திருக்கவும் முடியவில்லை.

திரும்பி நடக்கும்போது கொழுந்தியாவிடம் கேட்டேன்: "யோகாவால ஏதாவது பலன் தெரியுதா?"

"தோள்பட்ட வலி கொறைஞ்சிருக்கு. ராத்திரி அந்தப் பக்கமாத் திரும்பிப் படுக்க முடியுது." பாதையில் கிடந்த ஒரு விறகை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "ஆனா நான் வர்றது அதுக்கில்ல மச்சான். கல்யாணமாகி இருவது வருசத்துல, பகல் வெளிச்சத்துல நான் மல்லாக்கப் படுத்தது இங்கதான். புள்ளயும் கூப்பிடாது, கங்காணியும் கூப்பிட மாட்டாரு."

பதினொரு புத்தகங்களிலும் இதைப் போல் ஒரு வரி கிடையாது.

இரண்டு மாதம் விடாமல் போனேன். பலன் இருந்தது, இல்லை என்று சொன்னால் நன்றிகெட்டவனாவேன். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்ட முடிந்தது. அதுவரை கட்டியே வைத்திருந்த சப்பாத்துக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தேன். கிளினிக்கில் பிரஷர் பார்த்த தாதி, முதல் முறையாக என்னைத் திட்டவில்லை. தொலைக்காட்சிச் செய்தியில் அரசியல்வாதிகள் பேசும்போது நான் பதிலுக்குக் கத்துவது நின்றிருந்தது. "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று மனைவி கவலையோடு கேட்டாள். படுத்தால் தூக்கம் வந்தது. மூச்சு, மனம், முதுகு எல்லாமே திருந்திவிட்டன. முழங்கால் மட்டும் திருந்தவில்லை. சம்மணம் போட்டால் இரண்டு முழங்கால்களும் தோள்களை விசாரிக்க வருவது போல மேலே எழுந்து நின்றன. நான் பின்னால் சாய்ந்தேன்.

"உடலை வற்புறுத்தாதீர்கள் சேர். உடலை நேசியுங்கள்" என்றார் மிஸ்.

இதை வீட்டில் சொன்னேன்.

"நேசிச்சது போதும். மடங்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி. கூறைச் சேலை எடுக்கப் போன இடத்தில் தன் தம்பி மனைவி, "செம்பு புடிக்கிறப்ப நான் எந்தக் கலர் கட்டுறது?" என்று கேட்டாளாம். மனைவி அதைச் சொல்லும்போது சிரிக்க முயன்றாள். முடியவில்லை. பித்தளைச் செம்பு ஒன்று துலக்கி, அலுமாரிக்கு மேல் இருந்தது. அவள் அம்மா அவளைத் தாரை வார்த்துக் கொடுத்த செம்பு. அதை அவள் எப்போது எடுத்துத் துலக்கினாள் என்று எனக்குத் தெரியாது. அந்த அலுமாரியில்தான் என் யோகப் புத்தகங்களும் இருந்தன.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில், மடுவத்தில் என் சம்மணத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தியா பொறுமையிழந்தாள்.

"மச்சான், நாங்க மலையில சோறு திங்கிறப்ப எப்பிடி உக்காருறோம்? சமதரையிலயா? பின்னால ஒசரம், முன்னால பள்ளம். காலு அதுவா மடங்கும். நீங்க என்னடான்னா கிரவுண்டுல உக்காந்துக்கிட்டுக் காலக் கொற சொல்றீங்க."

சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த தன் படங்கை எடுத்தாள். பனியிலும் தேயிலைச் செடியிலும் உடுப்பு நனையாமல் கிழியாமல் இருக்க, மலைக்குப் போகும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த துணி அது. நான்காக மடித்தாள். "எந்திரிங்க" என்றாள்.

நான் தயங்கினேன். என் அம்மா அதே மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் என்னைப் படிக்கவைத்தாள். கல்லூரியிலிருந்து நண்பர்கள் வரும் நாட்களில், வாசலில் காயும் அதை எடுத்து மறைத்துவைத்திருக்கிறேன். அதை இவளிடம் சொல்லவா முடியும்? "சேரெல்லாம் படங்குல உக்கார மாட்டாங்களோ?" என்று கேட்டாள், ஏதோ எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

உட்கார்ந்தேன். பின்பக்கம் நான்கு விரற்கடை உயர்ந்தது. முழங்கால்கள் இரண்டும், பல வருடக் கோபத்தை விட்டவை போல, மெல்லத் தரைக்கு இறங்கின. முதுகு தானாக நிமிர்ந்தது. பதினான்கு பேரும் கைதட்டினார்கள். மேடைகளில் வாங்கிய கைதட்டல்களில் ஒன்றுக்காகவும் நான் இப்படி மகிழ்ந்ததில்லை.

மிஸ் சொன்னார்: "கொழும்பில் இதற்கென்றே தனியாக மெத்தை விற்கிறார்கள் சேர். எனக்குத்தான் தோன்றவில்லை." அன்று மட்டும் வருகைப் பதிவில் கையெழுத்து வாங்க மறந்துவிட்டார்.

கல்யாணம் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சம்பந்தியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்தபோதே, "நாங்க பரம்பரையா டவுன்தாங்க. தோட்டம், லயம், அதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்ல" என்றவர். நானும் சும்மா இருக்கவில்லை. "நாங்களும் ஆசிரியர் குடும்பம்தான்" என்றேன், நான் ஒருவன் மட்டுமே ஆசிரியன் என்பதைச் சொல்லாமல். மனைவி என் தொடையைக் கிள்ளினாள். அந்த அளவில் எங்கள் சம்பந்தம் சரிசமமாகவே தொடங்கியிருந்தது.

மணையின் மேல் கொழுந்தியா முன்கூட்டியே படங்கை மடித்து வைத்து, மேலே சிவப்புப் பட்டுத் துணியைச் சுற்றியிருந்தாள். மச்சினன் பட்டு வேட்டியில் மேடைக்கு அருகிலேயே நின்றான், எந்த நொடியிலும் தேசத்துக்குத் தேவைப்படலாம் என்பது போல. நான் உட்கார்ந்தேன். முழங்கால்கள் இறங்கின. பக்கத்தில் மனைவி, மடியில் செம்பு. எதிரே சம்பந்தி ஒரே மூச்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டவுன்காரர் இவ்வளவு லாகவமாகத் தரையில் உட்கார எங்கே பழகினார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஐயர் ஒரு மணித்தியாலம் என்றது ஒன்றேகால் ஆயிற்று. நான் மிஸ் சொன்னபடி மூச்சை எண்ணினேன். உள்ளே நான்கு, வெளியே ஆறு. பிறகு மகளின் கை என் கைக்கு வந்தது. சில்லென்று இருந்தது, அவளுக்கும் பயம் போல. மாப்பிள்ளையின் கையில் வைத்தேன். என் மனைவி செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் என் விரல்களின் மேல், மகளின் விரல்களின் மேல், ஒரு சொட்டுக்கூட மடியில் விழாமல் போயிற்று. அவள் ஊற்றியது ஐயர் சொன்ன அளவை விட அதிகம். ஐயர் போதும் என்றார். அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அந்த நேரத்தில் என் மூச்சுக் கணக்கு தவறிவிட்டது.

"தாலி கட்டணும். அம்மா, அப்பா எந்திரிச்சு இப்பிடி வாங்க" என்றார் ஐயர்.

மனைவி எழுந்தாள். நான் எழவில்லை. இடுப்புக்குக் கீழே என்னிடம் எதுவும் இல்லை. இரண்டு கால்களும் மரத்து, வேறு யாருடையவோ போல மடங்கிக் கிடந்தன. உட்கார்வதற்கு மூன்று மாதம் பயின்றவன், எழுவதற்கு ஒரு நாளும் பயிலவில்லை. ஐயர் மறுபடி கூப்பிட்டார். மேளக்காரர் என்னைப் பார்த்தபடி கோலை உயர்த்தி வைத்திருந்தார். மச்சினன் ஒரு படி மேலே ஏறினான்.

முன்வரிசையிலிருந்த கொழுந்தியாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வகுப்புப் பெண்கள் எல்லாரும் பட்டுச் சேலையில் அவளோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையை வாய்க்கு அருகில் வைத்து, அதிகாலையில் லயத்துக் கோடியிலிருந்து கேட்கும் அதே இழுப்போடு, மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

"பெரட்டேய்!"

பதினான்கு பட்டுச் சேலைகள் சரசரவென்று எழுந்தன. கைகள் இடுப்புக்குப் போயின. நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. யோசித்திருந்தால் முடிந்திருக்காது. நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். கால்களுக்குள் ஆயிரம் ஊசி குத்தியது. என் கையும் இடுப்பில் இருந்தது.

எதிரே பார்த்தேன். சம்பந்தியும் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் எழச் சொல்லவில்லை. சால்வையை இழுத்து, எதையோ தேடுவது போலக் கீழே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மேளம் பலமாக எழுந்தது.

"எந்தத் தோட்டம்?" என்று மெல்லக் கேட்டேன்.

"நோட்டன் பிரிட்ஜ் பக்கம்" என்றார், அதை விட மெல்ல.

"பெரட்டுப் பேச்சு அப்புறம் வச்சுக்கங்க ரெண்டு பேரும்" என்றாள் என் மனைவி. செம்பை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. "தாலி கட்டப் போறாங்க. இப்பிடி வாங்க."